சக்தி என்னும் சொல்லும் அணு என்னும் பொருளும்

ஒரு சொல் பிழைபட வழங்குமாயின், அதனால் விளையுங் கேடு இலக்கணத்தளவில் நின்றுவிடுவதன்று. 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்பது அத்தகையதோர் சொல். 2020ஆம் ஆண்டிற் கொரோனா பரவியகாலை, பெரம்பலூரிலும் அரியலூரிலும் இச்சொல் எல்லார் நாவிலும் பயின்றது. சக்தியென்றவுடன், புட்டியில் அடைத்து விற்கவும், பருகி ஏற்றிக்கொள்ளவுங் கூடியதொன்று என மக்கள் எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணம் பொருந்தாதென்பது எமது துணிபு.

நம்மைக் காப்பதிற் பெரும்பங்கு உயிரணுக்களுடையது. 1882இல் மெச்னிக்காவ் என்னும் ருஷிய அறிஞர், விண்மீன்போலும் வடிவுடைய கடலுயிரின் இளம்பருவத்துடலில் முள்ளைச் செருகினார். மறுநாட் பூதக்கண்ணாடியில் நோக்க, நகருந்தன்மையுடைய அணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்திருக்கக் கண்டார். 1961இல் மில்லர் என்பார், பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸ் சுரப்பியை அகற்றினார். அவற்றின் குருதியிற் காவலணுக்கள் அருகின. அவை நோய்க்கு இரையாயின. எலும்பு மச்சையிற் பிறக்கும் அணுக்களுட் சில, மார்பெலும்பின் பின்னுள்ள அச்சுரப்பியிற் பயின்று தேறுகின்றன என்பது இவ்வாறு விளங்கிற்று. தன்னுடலையே தாக்கவல்லவை பெரும்பாலும் ஆங்கே அழிக்கப்படுகின்றன.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய குருதி, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதல் வெளிப்பட்டது. அக்கிருமி, தைமஸிற் பயின்ற காவலணுக்களுள் சி.டி.4 வகையையே அழிக்கின்றது. ஆய்வுக்கூடத்தில் அவ்வகையணுக்களின்மேல் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தைக் குருதியிற் கலந்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் செலுத்தி எண்ணுவர். நலமுடையார்க்குக் கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். 200க்குக் குறையின் பேரிடர்.

இனி, ஒரு நோயாளியிடம் "உமக்குச் சக்தி குறைந்தது" என்போமாயின், அவர் சத்துமருந்தை நாடுவார். "உமது காவலணுக்களைக் கிருமி அழிக்கின்றது, நாடோறும் மாத்திரை உண்ணிற் கிருமி அடங்கும், அணுக்கள் மீளப் பெருகும்" என்போமாயின், மாத்திரையைக் கைவிடார். ஒரு சொல்லின் வேறுபாட்டால் ஓருயிர் பிழைக்கலாமன்றோ?

தமிழ் பயில்வார்க்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலையென வினவுவாருமுளர். கலைச்சொற்கள் பல முன்னரே ஆக்கப்பட்டுள்ளனவென்பதும் உண்மை. ஆயின் அகராதியிற் கிடக்குஞ் சொல் நோயாளியின் செவிக்கு எட்டுவதில்லை. 2022இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கருவிகள் அண்மையில் வந்துவிட்டன. அவற்றை விளக்கும் தெளிதமிழே வேண்டற்பாலது.

ஆதலின், விஞ்ஞான மாணவரும் தமிழ் மாணவரும் ஒருங்கமர்ந்து, குருதிச் சோதனையின் பொருளை இவ்விரு மாவட்டத்தார்க்கும் உரைக்குஞ் சிறு துண்டுத்தாள் ஒன்றேனும் எழுதுவோமாக. குருதியைக் கொடுப்பவர் அதன் செய்தியை அறிதல் அவர்தம் உரிமையாம்.