நம்மவர் வேண்டாம், நல்லவர் வேண்டும்!



கர்நாடகத்தின் அடுத்த லோகாயுக்தாவாக யார் வரவேண்டும் என்று இந்த ஏட்டில் எழுதப் போகிறோம் என்றதும் சங்கத்து நண்பர்கள் சிலர் முகம் சுளித்தனர். "பிழைக்க வந்த இடத்தில் நமக்கு எதற்கு இந்த வம்பு? பேசாமல் பொங்கல் விழாவை நடத்துவோம்" என்றார் ஒருவர். இன்னொருவரோ, "எழுதுவதானால் தமிழர் ஒருவரைப் போடச் சொல்லி எழுதுங்கள், அப்போதுதான் நமக்கு நல்லது" என்றார். இருவருக்கும் சேர்த்தே இங்கே விடை சொல்கிறோம்.

பிழைக்க வந்த இடமா? அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நம் பாட்டன் பாட்டிகள் பிறந்து, வாழ்ந்து, இந்த மண்ணிலேயே அடங்கிப் போனார்கள். வரி இங்கே கட்டுகிறோம், வாக்கு இங்கே போடுகிறோம். இலஞ்சமும் இங்கேதான் கொடுக்கிறோம். அதுவும் மற்றவர் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்கு!

மிகைப்படுத்தவில்லை. நம் உறுப்பினர் ஒருவர், கட்டட மேஸ்திரி, இறந்துபோன தந்தையின் வீட்டுக் காத்தாவைத் தன் பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்கு எட்டுத் தடவை நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போயிற்று. ஒன்பதாம் தடவை வாசலில் நின்ற தரகர் கன்னடத்தில் விண்ணப்பம் எழுத ஒரு தொகையும், உள்ளே கொடுக்க வேறொரு தொகையும் வாங்கிக்கொண்டார். மூன்றே நாளில் வேலை முடிந்தது. படிவத்தைப் படிக்கத் தெரிந்தவன் உள்ளே இருப்பவருக்கு மட்டும் அழுதால் போதும். நாம் வாசலில் இருப்பவருக்கும் சேர்த்து அழ வேண்டும். (தலைமுறை தலைமுறையாக இங்கிருந்தும் கன்னடம் எழுதப் படிக்கக் கற்காதது நம் குற்றமே. அதை முன்பே எழுதி வசை வாங்கியிருக்கிறோம்.) இதற்கு மேல் அச்சம் வேறு. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் நம் வீடுகள் எரிந்ததைக் கண்ட தலைமுறை, அலுவலகத்தில் குரலை உயர்த்தத் துணிவதில்லை. கேட்ட பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து வருகிறது. விதான சௌதாவின் முகப்பில் அரசுப் பணி தேவர் பணி என்று பொறித்திருக்கிறார்கள். தேவர் பணிக்குக் காணிக்கை உண்டு என்று அங்குள்ள சிலர் பொருள் கொண்டுவிட்டார்கள் போலும்!

இப்படிப்பட்டவன் போய் முறையிட ஒரு வாசல் உண்டென்றால் அது லோகாயுக்தா. ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சராக இருந்தபோது 1984இல் இயற்றிய சட்டத்தில் பிறந்த அமைப்பு அது. பல ஆண்டுகள் அப்படி ஒன்று இருப்பதே ஏழைக்குத் தெரியாது. 2001இல் நீதிபதி வெங்கடாசலா வந்தார். அரசு மருத்துவமனை, பத்திரப் பதிவு அலுவலகம் என்று முன்னறிவிப்பின்றி நேரிலேயே போய் நின்றார். லோகாயுக்தா என்ற வாயில் நுழையாத சொல் அதன் பிறகுதான் நம் தெருக்களிலும் புழங்கியது. சட்டம் மாறவில்லை, நாற்காலியும் மாறவில்லை. அமர்ந்த ஆள் மாறினார், அவ்வளவுதான்.

அவருக்குப் பின் 2006இல் வந்தவர் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே. 1973இல் மூத்த நீதிபதிகளைத் தாண்டி இன்னொருவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டபோது, அந்த அவமதிப்பை ஏற்காமல் பதவியைத் துறந்த மூவரில் ஒருவரான கே.எஸ். ஹெக்டேயின் மகன். பெல்லாரியில் மலைகளை வெட்டிக் கப்பலேற்றிக் கொண்டிருந்த காலம் அது. பேலேகேரி துறைமுகத்தில் கள்ளத்தனமாகக் குவித்திருந்த இரும்புத் தாதுவை வன அதிகாரி ஒருவர் பறிமுதல் செய்தார். பறிமுதல் செய்த தாதுவிலேயே பல இலட்சம் டன் மாயமாயிற்று. கடைசியில் தற்காலிகப் பணிநீக்கம் கிடைத்தது யாருக்குத் தெரியுமா? தாதுவைப் பிடித்த அதிகாரிக்கு! அதைக் கண்டு பொறாத ஹெக்டே 2010 ஜூன் 23 அன்று பதவி விலகினார். அத்வானி கேட்டுக்கொண்டபின் ஜூலைத் தொடக்கத்தில் விலகலைத் திரும்பப் பெற்றார். அப்போது அவரைக் கேலி செய்தவர்களில் நாமும் உண்டு. அது நம் பிழை. அவர் திரும்பி வராதிருந்தால் 2011 ஜூலை 27 அன்று அந்த அறிக்கை வந்திருக்காது. ஐந்தாண்டில் அரசுக்கு ரூ. 16,085 கோடி இழப்பு என்று கணக்கிட்டு, ஆளும் கட்சி எதிர்க்கட்சி என்று பாராமல் பெயர்களை எழுதி, தம் பதவிக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லாத நாளில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதம் முடிவதற்குள் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலக நேர்ந்தது. பின்னர் 2016இல், சுரங்க நிறுவனத்திடம் பணம் பெற்றதாகத் தொடுத்த வழக்கில் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

அந்த நாட்களில் நாம் என்ன செய்தோம்?

அதற்கு இரண்டாண்டு முன்னர், 2009 ஆகஸ்டு 9 அன்று அல்சூரில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. 1991 முதல் பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்த சிலை. கலைஞர் வந்தார், எடியூரப்பா உடன் நின்றார். நாமும் கூட்டத்தில் நின்று கண்ணீர் விட்டோம், அதில் வெட்கமில்லை. ஆனால் ஹெக்டேயின் அறிக்கை வந்தபோது நம் கூட்டங்களில் எழுந்த பேச்சு நினைவிருக்கிறதா? "நம் வள்ளுவரைத் திறந்து வைத்தவராயிற்றே, அவரைப் பற்றி நாம் பேசலாமா?" என்றோம். சிலையைத் திறந்தது ஓர் அரசின் கடமை. அதற்கு நன்றி சொல்லி மாலையும் போட்டாயிற்று. அந்த நன்றிக்குக் கணக்கு வழக்கே கேட்கக்கூடாது என்பதும் விலையா? பொருள் சேர்க்கும் நெறியைப் பற்றி அத்தனை அதிகாரம் பாடியவரின் சிலையைக் காட்டியே நம் வாயை அடைத்துக்கொண்டோம். அடைத்தவர் வேறு யாருமில்லை, நாமேதான்.

இனி, நம்மவர் வேண்டும் என்ற நண்பருக்கு. வெங்கடாசலாவும் ஹெக்டேயும் தமிழருக்கென்று வரவில்லை. ஆனால் அவர்கள் இருந்த காலத்தில் அலுவலக மேசைக்கு அடியில் நீண்ட கை கொஞ்சம் நடுங்கியது. அந்த நடுக்கம் கன்னடியனுக்கும் உருதுக்காரருக்கும் நமக்கும் ஒரே அளவில் பயன்பட்டது. நம் மொழி பேசுகிறவரே நம்மிடம் அதிகம் பறித்த கதை உங்களுக்குத் தெரியாதா? குடிசை மாற்று வீட்டுக்கு ஹக்கு பத்திரம் வாங்கித் தருகிறேன் என்று நம் தெருக்களில் பணம் திரட்டியவர்கள் கன்னடத்திலா பேசினார்கள்?

ஹெக்டேக்குப் பின் நடந்ததையும் பாருங்கள். அடுத்து வந்தவர் வீட்டுமனை பற்றிய புகார் எழுந்ததும் 2011 செப்டம்பரில், சில வாரங்களிலேயே விலகினார். அரசு சொன்ன பெயரை ஆளுநர் ஏற்கவில்லை. நாற்காலி பதினேழு மாதம் காலி. 2013இல் ஒருவர் வந்தார். லோகாயுக்தா அலுவலகத்தின் பெயரைச் சொல்லியே அதிகாரிகளிடம் பணம் பறித்ததாக 2015இல் எழுந்த வழக்கில் அவருடைய மகனே கைதானார். அவரும் விலகினார். மறுபடி ஓராண்டுக்கு மேல் காலி. இந்த நேரம் பார்த்து, 2016 மார்ச்சில் சித்தராமையா அரசு ஏ.சி.பி. என்ற தனிப் படையை அமைத்து, ஊழல் வழக்குப் போடும் அதிகாரத்தை லோகாயுக்தா போலீசிடமிருந்து பிடுங்கி அதனிடம் கொடுத்தது. அன்று வானுக்கும் பூமிக்கும் குதித்த எதிர்க்கட்சி, பின்னர் ஆட்சிக்கு வந்ததும் அதை அப்படியே வைத்துக்கொண்டது! 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம்தான் ஏ.சி.பி.யைக் கலைத்து, அதிகாரத்தை உரிய இடத்தில் சேர்த்தது. அடுத்த மார்ச்சிலேயே ஆளும் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகனை 40 இலட்சம் ரூபாய் இலஞ்சப் புகாரில் லோகாயுக்தா போலீசார் கைது செய்தனர். காலி நாற்காலியையும் பல் பிடுங்கிய பாம்பையும் எந்தக் கட்சியும் வெறுத்ததில்லை என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

2022 ஜூனில் பதவியேற்ற நீதிபதி பி.எஸ். பாட்டீலின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூனில் முடியும். இந்தப் பதவிக்கு நமக்கு வாக்கில்லை. முதலமைச்சர் பரிந்துரைக்க, ஆளுநர் நியமிக்கிறார். ஆனால் முதலமைச்சர் தன்னிச்சையாகப் பெயர் சொல்ல முடியாது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, இரு அவைகளின் தலைவர்கள், இரு அவைகளின் எதிர்க்கட்சித் தலைவர்கள் ஆகிய ஐவரையும் கலந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆறு முகவரிகள் இருக்கின்றன. ஆறு அஞ்சல் உறைகள் வாங்க நம்மிடம் காசில்லையா?

நாம் எழுதப் போவது இதுதான்: ஓய்வு பெறும்வரை எந்த அரசிடமும் மனையோ சலுகையோ கேட்டுப் போகாத ஒருவரைத் தாருங்கள். தம் சொத்தையும் பிள்ளைகளின் தொழிலையும் முதல் நாளே ஊரறியச் சொல்பவரைத் தாருங்கள். பெரிய சுரங்கக் கோப்பையும் மேஸ்திரியின் காத்தாவையும் ஒரே கண்ணால் பார்ப்பவரைத் தாருங்கள். நாற்காலியை ஒருநாள்கூடக் காலியாக விடாதீர்கள். இந்த இலக்கணத்துக்குப் பொருந்தும் பெயர் ஒன்று பேச்சில் அடிபடும்போது, அவர் எந்தச் சாதி, எந்த மொழி, எந்த ஊர் என்று கேளாமல் நம் சங்கம் வெளிப்படையாக ஆதரிக்கும். பொருந்தாத பெயர் அடிபட்டால், அவர் நேற்றுவரை நம் விழாவுக்குத் தலைமை தாங்கியவராக இருந்தாலும் எதிர்ப்போம்.

2028 மே மாதத்துக்குள் சட்டமன்றத் தேர்தல் வந்தாக வேண்டும். சிவாஜி நகரிலும் சாந்தி நகரிலும் சி.வி. ராமன் நகரிலும் தமிழில் அச்சடித்த சுவரொட்டிகளோடு வருவார்கள். "வணக்கம் தாய்மார்களே" என்று தொடங்குவார்கள். லோகாயுக்தா நியமனத்தின்போது நீங்கள் யார் பக்கம் பேசினீர்கள் என்று அப்போது கேட்போம். விடை சொல்லாதவருக்குச் சங்க மேடையில் நாற்காலி கிடையாது, மாலையும் கிடையாது, நன்கொடை எவ்வளவு கொடுத்தாலும் சரி. இதை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கிறோம். முகம் சுளித்த நண்பர்கள் வந்து எதிர்த்துப் பேசலாம். அவர்களுக்கு முதலில் நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.