யாருடைய கோட்டை?



புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் வந்ததும் திருமயம். சாலையோரத்தில் மதிலை ஒட்டி, வடக்கு பார்த்தபடி கோட்டை பைரவர். வண்டியை ஓரங்கட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பலரும் மேலே போவார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் எழும்பி நிற்கும் குன்றையும் கோட்டையையும் ஏறிப் பார்த்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்ற ஆதங்கம்தான் இந்த மாதம் என்னை இதை எழுத வைக்கிறது.

கட்டியவர் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி. ஆண்டு 1687. சேதுநாட்டின் வடக்கு எல்லையைக் காக்க எழுப்பிய கோட்டை இது. சுமார் 40 ஏக்கர் பரப்பு, சுற்றிலும் அகழி. ஒரு காலத்தில் ஏழு சுற்று மதில் இருந்தது என்பார்கள். இன்று வெளிமதில் பல இடங்களில் இடிந்து, ஊரோடு ஊராகக் கலந்துவிட்டது. உச்சியில் மட்டும் கொத்தளமும் பீரங்கியும் அப்படியே இருக்கின்றன.

சேதுபதியின் மனைவியரில் ஒருவரான காதலி நாச்சியார் தொண்டைமான் குடும்பத்துப் பெண். அவருடைய சகோதரர் ரகுநாதத் தொண்டைமான்தான் புதுக்கோட்டை அரசை நிறுவியவர். கிழவன் சேதுபதி 1710-ல் மறைந்தார். பின்னாளில் ராமநாதபுரத்தில் பட்டத்துக்குச் சண்டை மூண்டபோது கோட்டை தொண்டைமான் கைக்கு வந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே, 1730-களில், தஞ்சாவூர் மராட்டியத் தளபதி ஆனந்தராவ் புதுக்கோட்டைச் சீமை மீது படையெடுத்தார். நாடே கைவிட்டுப் போகும் நிலையில் தொண்டைமான் வந்து அடைக்கலம் புகுந்தது இந்தக் குன்றில்தான். தஞ்சைப் படை முற்றுகையிட்டுப் பார்த்தும் கோட்டை விழவில்லை. அன்று அது விழுந்திருந்தால் புதுக்கோட்டை சமஸ்தானம் என்ற ஒன்றே 1948 வரை நீடித்திருக்காது.

இப்படி, கட்டியவர் சேதுபதி. காத்து ஆண்டவர் தொண்டைமான். ஆனால் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். 'ஊமையன் கோட்டை' என்பார்கள்.

ஊமையன் என்றால் ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனின் தம்பி. அவரை இங்கே சிறை வைத்திருந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. இங்கே வந்து ஒளிந்திருந்தார் என்பவர்களும் உண்டு. கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமைக் காட்டில். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பிடித்துக் கொடுத்தது தொண்டைமான் அரசு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டார்கள். பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்த ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடி மண்ணால் எழுப்பி, கம்பெனிப் படையை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார். மே மாதம் அதுவும் விழுந்தது. சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபரில் மருதிருவரும், நவம்பரில் ஊமைத்துரையும் தூக்குமேடை ஏறினார்கள்.

அதன்பின் கம்பெனியார் தென்சீமைப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவைத்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமானது. திருமயம் தப்பியது. தொண்டைமான் கம்பெனிக்கு வேண்டியவர் என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். அப்படித் தப்பிய கோட்டைக்குத்தான் மக்கள் ஊமைத்துரையின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் கோட்டையை மண்ணோடு மண்ணாக்கினார்கள். மக்களோ நிற்கிற கோட்டை ஒன்றை அவர் பேருக்கு எழுதிவைத்துவிட்டார்கள். ஆவணம் எதைச் சொன்னாலும், இந்தத் தீர்ப்பை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

கோட்டையை விட ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்த குன்று இது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகத்தான் ஆகும். அதன் தெற்குச் சரிவில் சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைவரைகளில் இருக்கிறார்கள். பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட பெருமாள் அத்தனை பெரியவர். மது கைடபர் ஆதிசேஷனின் நச்சுமூச்சுக்கு அஞ்சி ஓடுவதைத் தவறாமல் பாருங்கள். திருமங்கையாழ்வார் பாடிய தலம். இந்த இரு கோயில்களுக்கும் வருவாய் பற்றி நெடுநாள் வழக்கு இருந்தது. 1245-ல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணன் இரு தரப்பையும் உட்காரவைத்துத் தீர்த்துவைத்தார். அந்தத் தீர்ப்பும் கல்வெட்டாக அங்கேயே இருக்கிறது. குன்றின் பாதி உயரத்தில் ஒரு பெரும்பாறையைக் குடைந்து ஒரு லிங்கமும் உண்டு. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். முழங்கால் இடம் கொடுத்தால் ஏறிவிடுங்கள்.

விடுதலைப் போராட்டத் தலைவர், காமராசரின் அரசியல் ஆசான் தீரர் சத்தியமூர்த்தி 1887-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான். பெருமாளின் பெயர்தான் அவருக்கும்.

இப்போது கோட்டை தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வெயில் ஏறுமுன் காலையிலேயே போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பாறையில் பெயர் கிறுக்கக் கூடாது என்பதை ஏறுவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊமைத்துரை இங்கே இருந்த கதையைத் திருமயம், அரிமளம், பொன்னமராவதிப் பக்கத்துப் பெரியவர்கள் ஊருக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு அப்பத்தாவோ தாத்தாவோ சொன்ன கதை எதுவானாலும், அவர்கள் சொன்ன வாய்மொழியிலேயே எழுதி அனுப்புங்கள். யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்