கைகளுக்கே முதல் பாடம்



முன்பள்ளிகளுக்குப் போகும்போதெல்லாம் தாய்மார் என்னிடம் கேட்பது, "பிள்ளை எப்ப எழுதும் மிஸ்?" என்பதுதான். பென்சில் பிடிக்க முன் விரல்களுக்குப் பலம் வேண்டும். அதற்கும் முன் மனம் அமைதியடைய வேண்டும். காலையில் முதல் அரை மணித்தியாலத்தைக் கைவேலைக்கு ஒதுக்கினால் இரண்டுக்கும் உதவும்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில், கை கழுவுதல், பொத்தான் பூட்டுதல் போன்ற அன்றாட வேலைகளும் பாடங்களாயின. நாமும் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஒரு மூலையில் பிசைந்த களிமண் வையுங்கள். இன்னொரு மூலையில் வாளித் தண்ணீரும் சிரட்டைகளும் வையுங்கள். பாயில் புளியங்கொட்டையையும் மஞ்சாடியையும் கலந்து, பிரித்தெடுக்கக் கொடுங்கள். விருப்பமானதைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். விதைகளை வாயிலோ மூக்கிலோ போடாதபடி ஆசிரியை பக்கத்தில் இருக்க வேண்டும். பற்றைக்குள் கிடக்கும் இரும்புப் பொருட்களை மட்டும் விளையாட்டுக்குப் பொறுக்க விடாதீர்கள்.

அழும் பிள்ளையை இழுத்து இருத்த வேண்டாம். தாயும் சற்றுநேரம் உடனிருந்து களிமண் உருட்டட்டும்.

இன்றைய பிள்ளைகள் 2009இல் முடிந்த போரைக் கண்டவர்கள் அல்லர். எங்கள் பயத்தைக் கண்டு வளர்பவர்கள். வீட்டில் கேட்ட பங்கரைக் களிமண்ணில் செய்தால் ஏசாதீர்கள். "இதென்ன, சொல்லுங்கோ" என்று கேட்டு, சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.

நாளைக்குப் பிள்ளையிடம் இரண்டு சிரட்டைகள் கொடுத்துவிடுங்கள். எழுத்து தானாக வரும்.