பொட்டலத்தோடு பொழுதையும் தாருங்கள்



மேலை நாடுகளில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் இலையுதிர் காலம். விளைச்சல் வீடு வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் அங்குள்ள திருச்சபையினர் அறுவடைக்கு நன்றி கூறி வழிபாடு நடத்துவர். அவ்வழக்கம் தமிழ்த் திருச்சபைகளுக்கும் வந்து ‘அறுப்பின் பண்டிகை’ எனப் பெயர் பெற்றது. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் வாழைக்குலை, தேங்காய், நெல், கோழி எனத் தத்தம் வீட்டு விளைச்சலை மக்கள் ஆலயத்தில் கொண்டுவந்து படைப்பர். பிறகு அவற்றை ஏலம் விட்டு, கிடைக்கும் பணத்தை ஆலயப் பணிகளுக்கும் அறப்பணிகளுக்கும் செலவிடுவர்.

நம் சுபாங் ஜெயாவில் இலையுதிர் காலமும் இல்லை. அறுவடைக்கு வயலும் இல்லை. சீபீல்டு தோட்டமாக இருந்த நிலத்தில் 1976ஆம் ஆண்டு முதல் எழுந்த நகரம் இது. 2020 அக்டோபரில் மாநகரத் தகுதியும் பெற்றது. ஆயினும் இங்கும் ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் கொடைக்குரிய பருவமாகவே இருக்கின்றன. தீபாவளிக்கு முன் தொடங்கி கிறித்துமசு வரையில் தேவாலயங்களைச் சேர்ந்த அன்பர்கள் அடுக்குமாடி வீடுகளைத் தேடி வருகின்றனர். அரிசி, எண்ணெய், மாவுப்பால், புத்தகப்பை, காலணி எனக் கொடுத்துச் செல்கின்றனர்.

இத்தொண்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பசித்த வீட்டிற்கு அரிசி கொடுப்பவரைக் கைகூப்பி வணங்கத்தான் வேண்டும். ஆனால், தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. அந்த அரிசி இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். அதே வீட்டில் நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாமல் இருக்கிறதே, அந்தப் பசிக்கு யார் சோறிடுவது?

மறைந்து நிற்கும் குறை

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் மீதிருந்த தேர்வுச் சுமை இறங்கியதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால், அதனோடு வேறொன்றும் நடந்தது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையின் நிலையைப் பெற்றோருக்கு வெளிச்சமிட்டுக் காட்டிய ஒரு கண்ணாடியும் போய்விட்டது. இன்று அக்குறை படிவம் ஒன்றுக்குப் போன பிறகே பல வீடுகளில் தெரிய வருகிறது. அப்பொழுது காலம் கடந்துவிடுகிறது.

இப்பிள்ளைகளின் பெற்றோர் அக்கறையற்றவர்கள் அல்லர். தந்தை பாரவுந்து ஓட்டுகிறார். தாய் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். வீட்டில் புத்தகத்தை விரித்து உடன் அமர ஆளில்லை. பிரத்தியேக வகுப்புக்குக் கட்டணம் கட்ட வசதியில்லை. அப்பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் வாரத்தில் இரண்டு நாள், ஒருமணி நேரம், அருகில் அமர்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கும் ஒரு பெரியவர். அவ்வளவே!

இதைத் தரக்கூடிய வளம் தேவாலயங்களிடம் இருக்கிறது. ஞாயிறன்று நிறைந்திருக்கும் வகுப்பறைகள் மற்ற நாள்களில் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சபையில் இருக்கின்றனர். சுபாங் ஜெயாவிலும் அதனை ஒட்டிய பண்டார் சன்வேயிலும் பல்கலைக்கழகங்கள் இருப்பதால், வழிபாட்டுக்கு வரும் மாணவர்களுக்கும் குறைவில்லை. இடம் உண்டு, ஆள் உண்டு, மனமும் உண்டு. அம்மனத்தைப் பருவத்திற்கு ஒருமுறை என்றில்லாமல் வாரத்திற்கு ஒருமுறையாக மாற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வரலாறு சொல்லும் பாடம்

இது புதிய கருத்தும் அன்று. நம் நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் எந்த ஆண்டைக் குறிப்பிடுகிறோம்? 1816. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவான ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ். அப்பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பையே தமிழ்க்கல்வியின் முதற்படியாகக் கொண்டு 2016இல் நாம் 200ஆம் ஆண்டு விழா எடுத்தோம்.

அப்பள்ளியின் பெயரில் உள்ள ‘பிரீ’ என்னும் சொல் இனம், மதம் பாராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கும் என்பதையே குறித்தது. ஒரு குருவானவர் தொடங்கிய பள்ளிக்கு அதுவே அடிப்படையாக இருந்தது. ஆனால், அந்தத் தமிழ் வகுப்பு தொடர்ந்து நிலைக்கவில்லை, இடையில் நின்றுபோனது. நல்லெண்ணத்தோடு தொடங்குவது எளிது, விடாமல் நடத்துவதே அரிது என்பதை இதிலிருந்தும் நாம் கற்கலாம்.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய சேவியர் தனிநாயகம் அடிகளார் ஒரு கத்தோலிக்கக் குரு. 1966இல் முதலாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்ட முன்னின்றவர் அவர். அவருடைய தமிழ்ப்பணியை எல்லாச் சமயத்தவரும் தம் சொத்தாகவே எண்ணுகின்றனர். பணியை முன்னிறுத்திச் சமயத்தைத் தம் உள்ளத்தில் வைத்திருந்தமையால் கிடைத்த மதிப்பு அது.

“ஐயா, அனுப்பலாமா?”

இனிச் சங்கடமான இடத்திற்கு வருகிறேன். தேவாலயத்தில் இலவச வகுப்பு நடக்கிறது என்றதும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி, “ஐயா, அங்கே அனுப்பலாமா? மதம் மாற்றிவிடமாட்டார்களா?” என்பதுதான். இந்த அச்சத்தைப் பேசாமல் மூடி மறைப்பதில் பயனில்லை. சில இடங்களில் பாடத்திற்கு முன் செபமும் பாடலும் இருக்கும் என்பதும், வகுப்புக்கு வந்த பிள்ளை பிறகு ஞாயிறு வழிபாட்டுக்கும் அழைக்கப்படும் என்பதும் பெற்றோரின் மனக்குறை.

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, தம்முடையதல்லாத சமயத்தின் போதனையையோ வழிபாட்டையோ ஏற்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தை முடிவு செய்பவர் பெற்றோர் அல்லது காப்பாளர் என்றும் கூறுகிறது.

சட்டத்தை விடவும் தெளிவாக இருக்கிறது அறம். ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே, இல்லாதவர்க்குக் கொடுப்பதே கொடை, மற்றவையெல்லாம் திரும்பப் பெறும் எதிர்பார்ப்புடையவை என்று வள்ளுவர் பிரித்துவிடுகிறார். விவிலியத்தின் லேவியராகமம் 19ஆம் அதிகாரமும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. அறுவடை செய்பவன் வயலின் ஓரங்களை முற்றும் அறுக்காமல், சிந்திய கதிரையும் பொறுக்காமல், ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. பொறுக்க வருபவனிடம் ‘நீ யாரை வணங்குகிறாய்?’ என்று கேட்கும்படி அங்கே சொல்லப்படவில்லை. நகரத்தில் வாழும் நமக்கு வயல் இல்லை, நேரம் இருக்கிறது. அந்நேரத்தின் ஓரத்தை நிபந்தனையின்றி விட்டுவைப்பதே இன்றைய அறுப்பின் பண்டிகை எனக் கருதுகிறேன்.

செய்யக்கூடியவை

தேவாலயத் தொண்டர்களுக்கு: வகுப்பு என்றால் வகுப்பாகவே நடத்துங்கள். வழிபாடு உண்டென்றால் அதைப் பெற்றோரிடம் முன்னரே எழுத்தில் சொல்லுங்கள். பொட்டலத்தைப் பெறும் பிள்ளையை நிறுத்திப் படம் பிடிக்காதீர்கள். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பது உங்கள் வேதத்தின் அறிவுரைதானே? வாசிப்பு வகுப்பைத் தமிழிலும் நடத்துங்கள். உங்கள் சபைப் பிள்ளைகளிலேயே, பாடல்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோர் அதனால் பயனடைவர்.

பெற்றோர்களுக்கு: ஐயம் இருந்தால் நேரில் சென்று கேளுங்கள். முதல் நாள் பிள்ளையுடன் அமர்ந்து பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடும் உரிமை உங்களுடையது. கேட்காமலேயே பழிப்பதும், கேட்காமலேயே அனுப்பிவிடுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

ஆசிரியர்களுக்கு: எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்தில், எந்தச் சொல்லில் தடுமாற்றம் என்பது நமக்குத்தான் தெரியும். பெற்றோரின் இசைவோடு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக அதைத் தொண்டர்களுக்குச் சொல்லி, தகுந்த வாசிப்பு நூல்களையும் கொடுத்து உதவலாம்.

இறுதியாக, நம் கோயில் பொறுப்பாளர்களையும் ஒன்று கேட்க விரும்புகிறேன். தேவாலயம் பிள்ளைகளை அழைக்கிறது என்று வருந்தும் நாம், நம் கோயில் மண்டபத்தில் வாரத்திற்கு ஒரு மாலைப்பொழுதையேனும் வாசிப்புக்குத் திறந்து வைத்திருக்கிறோமா? திருமணத்திற்கும் விருந்துக்கும் திறக்கும் கதவு ஏட்டுக்கும் எழுத்துக்கும் திறக்கக் கூடாதா?

யார் திறந்தாலும் நன்று. வரும் அக்டோபரில் பொட்டலத்தோடு நம் குடியிருப்புக்கு வரும் அன்பர்களே, வாருங்கள், வரவேற்கிறோம். அடுத்த சனவரியிலும் மாசி பங்குனியிலும் அதே வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அப்பொழுது கையில் ஒரு கதைப்புத்தகம் இருக்கட்டும்.