ஈயப் பெட்டி சுமக்கும் கைகள்

பொழுது விடிந்து சிறிது நேரத்தில் நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. டிரைவர் பின்கதவைத் திறந்து மஞ்சள் சீட்டு ஒட்டிய ஒரு பெட்டியை இறக்குகிறார். உள்ளே இருக்கும் மருந்து சில துளிகள்தான். ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈயக் கலம் பல கிலோ எடை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, நேற்றைய காலிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, அவர் அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். வராந்தாவில் காத்திருக்கும் நோயாளிகளுக்கு அவரைத் தெரியாது. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் மட்டுமே “மருந்து ஏன் வரவில்லை?” என்று கேட்டிருப்பார்கள்.

அவர் கொண்டுவந்தது கதிரியக்க மருந்து. புற்றுநோய் உடம்பில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது, இருதயத்துக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று படம் பிடித்துப் பார்க்க இதை ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். தைராய்டு புற்றுநோய்க்கு அயோடின்-131 சிகிச்சையாகவே கொடுக்கப்படுகிறது. நோய் பணக்காரன், ஏழை பார்த்து வருவதில்லை. மில் தொழிலாளி வீட்டுக்கும் வருகிறது, குடிசைக்கும் வருகிறது. ஆகவே இந்த மருந்தைச் செய்கிறவன், சுமக்கிறவன் கதையும் நம்முடைய கதைதான்.

இந்தச் சரக்குக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. களத்தில் 64 மரக்கால் நெல் குவித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். யாரும் தொடாமலே ஆறு மணி நேரத்தில் அது 32 மரக்காலாகிறது. இன்னும் ஆறு மணி நேரத்தில் 16. ஒரு நாள் முடிவில் மிஞ்சுவது 4 மரக்கால். டெக்னீஷியம்-99எம் என்ற பொருள் இப்படித்தான் கரைகிறது. பெட் ஸ்கேன் என்ற பரிசோதனைக்குப் பயன்படும் ஃப்ளூரின்-18 இன்னும் அவசரக்காரன். 110 நிமிஷத்துக்கு ஒரு தரம் பாதியாகிவிடுகிறது. எந்தப் பதுக்கல்காரனும் கிடங்கில் அடைத்து விலையேற்ற முடியாத சரக்கு இது! செய்த உடனே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஆகவே ஊர் உறங்கும்போது இங்கே வேலை நடக்கிறது. சைக்ளோட்ரான் என்ற யந்திரம் ஹைட்ரஜன் அணுவின் கருவைச் சுழற்றி, பெரும் வேகமேற்றி, விசேஷமான தண்ணீர் மேல் மோத வைக்கிறது. அதில் பிறக்கும் ஃப்ளூரினைச் சர்க்கரை போன்ற ஒரு பொருளோடு சேர்க்கிறார்கள். புற்றுநோய்த் திசு சர்க்கரையை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். அதனால் படத்தில் நோய் காட்டிக்கொடுக்கப்படும். கெமிஸ்டு கணக்குப் பார்க்கிறார், டாக்டர் படம் பார்க்கிறார். இருவருக்கும் நடுவே ஒரு தொழிலாளி இருக்கிறார். உற்பத்தி உதவியாளர் என்று பெயர். குழாய்களைப் பொருத்துகிறார், குப்பிகளை ஈயக் கலத்தில் இறக்குகிறார், பெட்டியைக் கட்டுகிறார். கதிர்மானியைப் பிடித்துத் தரையையும் மேஜையையும் தன் கை கால்களையும் சோதித்துப் பார்க்கிறார்.

டெக்னீஷியத்துக்கு வேறு வழி. மாலிப்டினம்-99 என்ற பொருளை ஒரு சிறு குழாயில் நிரப்பி அனுப்புகிறார்கள். அது தானே சிதைந்து டெக்னீஷியமாக மாறிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் மருந்து இறங்கும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்தக் கருவிக்குப் ‘பசு’ என்று செல்லப் பெயர். மருந்து எடுப்பதற்குக் ‘கறப்பது’ என்று பெயர். மாட்டுக் கொட்டகையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: கறவைக்கு லீவு கிடையாது.

சரி, இதில் ஆபத்து உண்டா? உண்டு. கதிரியக்கம் என்றால் பூதம் என்று நாம் சொல்லவில்லை. விதிப்படி நடத்தினால் பத்திரமாகச் செய்யக்கூடிய வேலை இது. ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, பட்ட உடனே வலிக்காது. மில்லில் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியது பல வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. வயலில் வெறுங்காலோடு பூச்சி மருந்து தெளித்தவனுக்கும் அப்படியே. இதுவும் அந்த ரகத்து ஆபத்துதான்.

இதற்கு விஞ்ஞானம் மூன்று காவல்களைச் சொல்கிறது. காலம்: அருகில் நிற்கும் நேரத்தைக் குறை. தூரம்: இரண்டு மடங்கு விலகினால் கதிர் நாலில் ஒரு பங்காகும். மறைப்பு: நடுவே ஈயம் வை. இதற்குமேல், மார்பில் ஒரு பேட்ஜ். உடம்பு வாங்கிய கதிரை அது பதிவு செய்யும். பஞ்சை கிலோவில் நிறுப்பதுபோல் இதை மில்லிசீவர்ட் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். இந்தத் தொழிலாளிக்கு ஐந்து வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு கமிஷன் 1990ல் சிபாரிசு செய்தது.

ஆனால் தோழர்களே, மூன்று காவலுக்கும் காசு வேண்டும்! நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் இன்னும் இரண்டு ஆட்களை வைக்க வேண்டும். தூரத்துக்கு நல்ல கருவி வேண்டும். மறைப்புக்கு ஈயம் வேண்டும். லாபக் கணக்கு எழுதுகிறவன் பேனா முதலில் எங்கே கை வைக்கும்? சரித்திரத்தைக் கேட்டால் சொல்லும்.

முதல் உலக யுத்த காலத்தில், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்து ஆரஞ்சு என்ற ஊரில், இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வர்ணம் பூசும் தொழிற்சாலை நடந்தது. இளம் பெண்களுக்கு அதில் வேலை. இத்தனை முகப்புக்கு இத்தனை கூலி என்ற பீஸ் ரேட். தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கப் பழக்கினார்கள். ஒன்றும் செய்யாது என்று உறுதி கூறினார்கள். அதே இடத்தில் ரேடியத்தைக் கையாண்ட கெமிஸ்டுகளுக்கு ஈயத் திரையும் இடுக்கியும் இருந்தன. பெண்களின் தாடை எலும்பு அழுகியது, பலர் மாண்டனர். கிரேஸ் ஃபிரையர் உள்ளிட்ட ஐந்து பெண்கள் 1927ல் வழக்குத் தொடுத்தனர். வாய்தா வாங்கி இழுத்தடித்த கம்பெனி, 1928ல் தலைக்கு 10,000 டாலரும், வருஷத்துக்கு 600 டாலரும், வைத்தியச் செலவும் தர ஒப்புக்கொண்டது. ஆபத்தை அறிந்தவனுக்குத் திரை, அறியாதவளுக்குத் தூரிகை: இதுதான் அன்றைய நியாயம்.

அது பழங்கதை என்று யாரும் தள்ள வேண்டாம். 2011ல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, அங்கே வேலைக்கு ஆள் அனுப்பிய ஒரு துணைக் காண்ட்ராக்ட் கம்பெனி, கதிர் அளக்கும் கருவியை ஈயத் தகட்டால் மூடிக்கொள்ளும்படி தன் தொழிலாளிகளிடம் சொன்னது 2012ல் அம்பலமாயிற்று. உடம்புக்கு ஈயம் இல்லை, கருவிக்கு ஈயம்! ஏன்? அளவு எல்லையைத் தொட்டுவிட்டால் அந்த ஆளை மேற்கொண்டு வேலைக்கு அனுப்ப முடியாது. காண்ட்ராக்ட் வருமானம் போய்விடும். தொழிலாளிக்கோ கூலி போய்விடும். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. எல்லையைத் தொட்டால் வேலை போகும் என்ற நிலை இருக்கும்வரை, உயிரைக் காக்க வந்த பேட்ஜையே தொழிலாளி தன் சத்துருவாகப் பார்ப்பான். அதைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு வேலைக்குள் நுழைவான். அவன் மேல் என்ன குற்றம்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

நம் நாட்டில் இத்தொழில் ஜனங்களின் வரிப்பணத்தில் பிறந்தது. 1956ல் டிராம்பேயில் அப்ஸரா உலை இயங்கத் தொடங்கியது. 1963ல் பம்பாயில் கதிரியக்க மருத்துவ மையம் ஏற்பட்டது. நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரானும் 2002ல் அங்கேதான் வந்தது. இன்று தனியார் கம்பெனிகளும் இதில் இறங்கியிருக்கின்றன. தொழிலாளியின் கதிரளவுக் கணக்கை முதலாளி வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று 2004ஆம் வருஷத்துக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் கூறின. விதி நல்லதுதான். ஆனால் கம்பெனியின் பீரோவில் பூட்டிக் கிடக்கும் கணக்கால் தொழிலாளிக்கு என்ன பிரயோஜனம்? காண்ட்ராக்டர் கைமாறினால் அது எங்கே போகும்?

ஆகவே நாம் கேட்பது இவைதான். பேட்ஜ் கணக்கு தொழிலாளி படிக்கத் தெரிந்த பாஷையில், தவறாமல், அவன் கையில் கொடுக்கப்பட வேண்டும். காண்ட்ராக்டர் மாறினாலும் கணக்கு அறுபடக் கூடாது. உள்ளே வேலை செய்பவருக்கு உள்ள பயிற்சியும் பாதுகாப்பும், பெட்டி சுமக்கும் டிரைவருக்கும் வேண்டும். எல்லையை நெருங்கியவருக்கும், கருவுற்ற பெண் தொழிலாளிக்கும், சம்பளம் குறையாமல் வேறு வேலை தர வேண்டும். இரவெல்லாம் விழித்து வண்டி ஓட்டுபவருக்குப் போதுமான ஓய்வு வேண்டும். ரோட்டு நெரிசலில் தாமதமானதற்கு அவர் கூலியைப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்துக்குப் பயந்து ஓட்டுகிறவன், கதிரால் சாகுமுன் லாரியில் மோதிச் சாவான்.

கடைசியாக ஒரு வார்த்தை. மில் நின்றால் இன்றைய நூலை நாளை நூற்கலாம். நடவு நின்றால் இரண்டு நாள் தள்ளி நடலாம். இந்த மருந்து நின்றால், ஊசிக்குக் காத்திருக்கும் நோயாளிதான் முதலில் தவிப்பான். அது இத்தொழிலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வேலைநிறுத்தம் என்ற ஆயுதத்தை அவர்கள் எளிதில் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் ஒரு சிலரே. தனியாகக் குரல் கொடுத்தால் கேட்பார் இல்லை. நோயாளி மேல் அவர்களுக்கு உள்ள இரக்கத்தையே அவர்களுக்கு விலங்காக மாட்ட முதலாளியை நாம் விடலாமா? ஆயிரக்கணக்கில் திரண்டு நிற்கும் மில் தொழிலாளர் சங்கங்களும், விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் அவர்கள் கோரிக்கையைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் நமக்காகக் கண் விழித்து ஈயம் சுமக்கிறார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுப்பது நம் கடமை.