ஊசிக்குக் கை நீட்டினோம்... கேள்வி கேட்டோமா?

மருத்துவ ஆராய்ச்சி என்றாலே, நாலு நிபுணர்கள் மூடிய அறைக்குள் பண்ணுகிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஜனங்கள் இல்லையென்றால், சில பெரிய ஆராய்ச்சிகளே நடந்திருக்காது!

1968-ல் இங்கே தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கெடுத்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. (குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து அது காப்பாற்றும், எனவே பிறந்ததும் போட்டுவிடுங்கள்.) 1991-ல் தொழுநோய்த் தடுப்பூசி ஆய்வு, அதில் சுமார் 1.7 லட்சம் பேர். அதை நடத்திய ஆவடி மையம், 1999-ல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து தேசிய தொற்றுநோயியல் நிறுவனமாக ஆனது. இன்று அது இருப்பது நம் அயப்பாக்கத்தில்தான்.

எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் கை நீட்டியது ஜனங்கள். எதை ஆராய்வது என்று தீர்மானித்தது நிபுணர்கள்.

இதில் என்ன நஷ்டம்? முழங்கால் மூட்டுத் தேய்மானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிய ஆய்வுகளை இங்கிலாந்தில் கணக்கெடுத்து 2000-ல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேல் மருந்து பற்றியவை! நோயாளிகள் கேட்டதோ வேறு: மூட்டு மாற்று ஆபரேஷன், வலியைச் சமாளிக்கத் தேவையான விவரங்கள். 2004-ல் அங்கே ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு தொடங்கியது. நோயாளி, அவரைப் பார்த்துக்கொள்பவர், டாக்டர் மூவரும் சமமாக உட்கார்ந்து முக்கியமான 10 கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்கள் சித்த மருத்துவமும் விதிவிலக்கல்ல. 2012 டெங்குவில் நிலவேம்புக் குடிநீர், 2020 கொரோனாவில் கபசுரக் குடிநீர். 'கிருமியைக் கொல்லுமா?' என்று நாங்கள் ஆராய்கிறோம். நோயாளி கேட்பதோ, "சார், சுகர் மாத்திரையோட இதையும் சாப்பிடலாமா? எவ்வளவு நேரம் இடைவெளி விடணும்?" எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரின் கவலை, "கேன்டீன் சாப்பாட்டுல பத்தியம் எப்படிங்க இருக்கிறது?" இவற்றுக்குப் பெரும்பாலும் அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறோம். ஆய்வு செய்து சொல்ல வேண்டாமா?

"ஜனங்களுக்கு ஆராய்ச்சி பற்றி என்ன தெரியும்?" என்பார்கள். எப்படி ஆராய்வது என்பது நிபுணர் வேலை. எதை ஆராய்வது என்பதில் நமக்கும் பங்கு உண்டு. சமைக்கத் தெரியாதவனுக்குப் பசி தெரியாதா?

ஆராய்ச்சி நிறுவனங்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மகளிர் குழுக்கள், தொழிற்சங்கங்கள், குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். சத்தமாகப் பேசுகிறவர்களின் குரல் மட்டும் எடுபடக் கூடாது. வெளி மாநிலத் தொழிலாளியும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளும் அங்கே இருக்க வேண்டும். கடைசியில் எந்தக் கேள்வியை எடுத்தோம், எதை ஏன் விட்டோம் என்று அவர்களிடமே சொல்லவும் வேண்டும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். சித்த மருத்துவரிடம் போனாலும் சரி, அலோபதி டாக்டரிடம் போனாலும் சரி, சாப்பிடுகிற எல்லா மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நாளைய ஆராய்ச்சிக்கு அதுதான் முதல் கேள்வியாக இருக்கலாம்!