அம்மாவை ஒரு படம் எடுங்கள்

வீட்டில் எத்தனை ஆல்பம் இருந்தாலும், அம்மாவோ மாமியாரோ தனியாக, முகம் தெளிவாக இருக்கும் படம் ஒன்றைத் தேடினால் கிடைக்காது. கல்யாணக் கும்பலில் மூன்றாவது வரிசையில் நிற்பார். பேத்தியின் பிறந்த நாளன்று கேக்குக்குப் பின்னால் பாதி முகம் தெரியும். அமங்கலமாகப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், சகோதரிகளே! துக்கம் நேர்ந்த அன்றைக்கு அழுதுகொண்டே பீரோவைக் குடைந்து, கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், வாழ்நாளெல்லாம் சிரித்த மனுஷி, சுவரில் மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டிருப்பார்.

இப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே! ஸ்டூடியோ வேண்டாம். வாசல் திண்ணையோ, கொல்லைப்புறமோ, மொட்டை மாடியோ போதும்.

"எனக்கெதுக்குடி இந்த வயசுல போட்டோ? எடுத்தா ஆயுசு குறையும்பாங்க" என்றுதான் அம்மா ஆரம்பிப்பார். வாதாடாதீர்கள். "உன் பேத்தி கேக்கறாம்மா" என்று சொல்லிப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொள், நிமிர்ந்து உட்கார் என்று விரட்டவும் வேண்டாம். ஜரிகை வெயிலில் மின்னினால் பார்க்கிறவர் கண் முகத்துக்குப் போகாது. தினம் உடுத்தும் நூல் புடவையே நல்லது. கையில் தொடுக்க மல்லிகையோ, ஆய்வதற்குக் கீரையோ கொடுத்துப் பேச்சுக் கொடுங்கள். பழகிய வேலையில் கை இறங்கிவிட்டால் முகம் தானாக இளகும். உங்கள் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார் பாருங்கள், அந்த வினாடியை விடாதீர்கள்.

வெளிச்சம்தான் முக்கியம். உச்சி வெயிலில் எடுத்தால் கண்கள் இருண்ட குழியாகி, மூக்குக்கடியில் மீசை மாதிரி நிழல் விழும். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலரைக்கு மேல் எடுங்கள். அப்போதும் முகத்துக்கு நேராக வெயில் அடித்தால் கண்ணைச் சுருக்குவார். அதனால் கூரை நிழல் முடிகிற விளிம்புக்கு ஓரடி உள்ளே, வெளியே வானத்தைப் பார்த்தாற்போல் உட்கார வையுங்கள். வானத்து வெளிச்சம் முகம் முழுக்கச் சீராகப் படரும். வேப்ப மரத்தடி கண்ணுக்கு அழகுதான். ஆனால் இலை இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து படத்தில் தேமல் போலத் தெரியும். மேகம் மூடிய நாள் கிடைத்தால் கொண்டாட்டம்! ஒரு கன்னம் மட்டும் இருட்டாக இருக்கிறதா? வெள்ளை வேட்டியை நாலாக மடித்து, அந்தப் பக்கம் பையனைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். முகம் தெளிந்துவிடும்.

"எப்படி எடுத்தாலும் அம்மா முகம் கறுத்துப் போகிறதே" என்பவர்கள் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் காமிரா அந்த வெண்மைக்கு ஏற்பத் தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பல போன்களில் சின்னச் சூரியன் போல ஒரு குறி வரும், அதைச் சற்று மேலே தள்ளினால் போதும். சுருக்கத்தை அழித்து, தோலை வெளுப்பாக்கும் வித்தைகளை மட்டும் தொடாதீர்கள். அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் அது அம்மாவா?

கிட்டே போய் நீட்டினால் மூக்கு பெரிசாகிவிடும். ஐந்தாறு அடி தள்ளியிருந்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். அவர் திண்ணையில் உட்கார்ந்தால் நீங்களும் ஒரு முக்காலி போட்டு, அவர் கண் மட்டத்துக்கு வாருங்கள். கண்ணாடி பளபளத்தால் முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லலாம். தலைக்குப் பின்னால் கரண்டுக் கம்பமோ துணிக்கொடியோ முளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்படிக் கையோடு எடுத்த போன்தானே, லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

"நமக்கெங்கே இதெல்லாம் வரும்" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரன் என்ற பிரிட்டிஷ் பெண்மணிக்கு 1863-ல், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் கோழிக் கொட்டகையை ஸ்டூடியோவாக்கி, உறவுக்காரர்களையும் வீட்டு வேலைக்காரப் பெண்களையும் உட்கார வைத்து எடுத்தார். அவருடைய படங்கள் இன்றும் மியூசியங்களில் இருக்கின்றன. கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, 1879-ல் அங்கேயே காலமானார்.

ஒன்றோடு நிறுத்தாமல் இருபது எடுங்கள், ஒன்று தேறும். பிறகு அதே இடத்தில் நீங்களும் உட்கார்ந்து, போனை மகளிடம் கொடுங்கள். ஆல்பத்தில் உங்கள் கதையும் அம்மா கதைதானே!

தேறியதை உடனே காகிதத்தில் அச்சடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது போனையே கடைக்கு எடுத்துப் போங்கள். சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் முகமும் சேர்ந்து வரும். இன்னொரு பிரதி எடுத்து, வெளியூரில் இருக்கும் உங்கள் தங்கைக்கோ நாத்தனாருக்கோ அனுப்பி வையுங்கள்.